தமிழ் இசை இதழுக்கு எழுத்துரு: ஸ்வரக் குறிப்புப் பக்கத்திலிருந்து தொடங்குங்கள்

நீங்கள் கேட்டது இது: நண்பர்கள் நான்கு பேர் சேர்ந்து தமிழில் ஒரு காலாண்டு இசை இதழ் கொண்டுவரப் போகிறீர்கள். 64 பக்கம், ஆயிரம் பிரதிக்குள் அச்சு, கூடவே ஒரு பி.டி.எஃப். கச்சேரி இசை, திரையிசை, நாட்டார் இசை மூன்றுக்கும் இடம் உண்டு. ஒவ்வோர் இதழிலும் ஒரு பாட்டு ஸ்வரக் குறிப்போடு, அதாவது ஸ ரி க ம என்று எழுதிக் காட்டி, வரும். இதற்கு எந்த எழுத்துரு, எப்படிப்பட்ட தோற்றம், வெளிநாட்டு ராக் இதழ்கள் மாதிரித் துணிச்சலாகப் போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அட்டைக்கு ஏழு மாதிரிகள் செய்துவிட்டதாகவும் சொல்கிறீர்கள்.

அந்த ஏழையும் கொஞ்ச நாள் ஓரமாக வையுங்கள். முதலில் ஸ்வரக் குறிப்புப் பக்கத்தைச் செய்யுங்கள். இசை இதழில் எழுத்துருவுக்குக் கடுமையான சோதனை அந்தப் பக்கத்தில்தான் நடக்கிறது. அங்கே தாக்குப்பிடிக்கும் எழுத்துரு கட்டுரையிலும் பேட்டியிலும் தாக்குப்பிடிக்கும். கட்டுரையில் அழகாக இருந்தது அந்தப் பக்கத்தில் கவிழ்ந்துபோவதை நானே பார்த்திருக்கிறேன்.

சில வருடங்களுக்கு முன் ஒரு விழா மலர் வடிவமைத்தேன். எல்லாப் பக்கமும் முடிந்த பிறகு கடைசியாக வர்ணம் என்ற வகைப் பாட்டு ஒன்று குறிப்போடு வந்து சேர்ந்தது. கட்டுரைகளுக்குப் போட்ட எழுத்துருவிலேயே அதையும் ஓட்டிவிட்டேன். மலர் வெளியான வாரமே ஒரு பாட்டு ஆசிரியை போன் செய்து, "இந்த இடத்தில் மேல் ஸ்தாயி ஸ-வா, இல்லை வெறும் ஸ் என்று அச்சுப்பிழையா?" என்று கேட்டார். எடுத்துப் பார்த்தால் பக்கம் முழுக்க அதே குழப்பம். மேல் ஸ்தாயிக்காக, அதாவது ஸ்வரத்தை உயரத்தில் பாட வேண்டும் என்று காட்ட வைத்த புள்ளி ஒவ்வொன்றும் மெய்யெழுத்துப் புள்ளியாகவே நின்றது. அன்றிலிருந்து எந்த இசைப் புத்தக வேலை வந்தாலும் குறிப்புப் பக்கத்தைத்தான் முதலில் கேட்டு வாங்குகிறேன்.

சிக்கல் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். மேல் ஸ்தாயி ஸ்வரத்துக்கு எழுத்தின் தலையில் ஒரு புள்ளி, மந்தர ஸ்தாயிக்கு, அதாவது கீழ் ஸ்தாயிக்கு, எழுத்தின் அடியில் ஒரு புள்ளி. இது நம் வழக்கம். ஆனால் தமிழில் தலைப்புள்ளிக்கு ஏற்கெனவே ஒரு வேலை இருக்கிறது. ஸ, க, ம, ப, த ஐந்தில் எதன் தலையில் புள்ளி வைத்தாலும் அது மெய்யெழுத்து ஆகிவிடும். மிச்சமுள்ள ரி, நி இரண்டின் தலையிலும் இகரச் சுழி உட்கார்ந்திருக்கிறது. புள்ளி அதற்கும் மேலே ஏற வேண்டும். இரண்டாம் காலம், அதாவது இரட்டை வேகம், என்று காட்ட ஸ்வரங்களின் மேல் ஒரு கோடு ஓடும், மூன்றாம் காலத்துக்கு இரண்டு. சுழி, புள்ளி, கோடு என்று தலைக்கு மேலேயே மூன்று மாடி. கீழே மந்தரப் புள்ளி, அதற்கும் கீழே பாட்டின் சொற்கள் வரும் சாகித்திய வரி. வழக்கமான வரி இடைவெளியில் இவ்வளவும் அடங்காது.

இதற்கு நான் கண்ட வழி, புள்ளி எப்படி வரையப்பட்டிருக்கிறது என்று பார்த்து எழுத்துருவைத் தேர்வது. சில தமிழ் எழுத்துருக்களில் மெய்ப்புள்ளி உள்ளே வெள்ளையாக ஒரு சிறு வளையமாக இருக்கும். வேறு பலவற்றில் நிரம்பிய கருப்புப் பொட்டாக இருக்கும். வளையப் புள்ளி உள்ளதை எடுத்தால், நிரம்பிய பொட்டை முழுக்க ஸ்தாயிக்கு ஒதுக்கிவிடலாம். கண் உடனே பிரித்துப் படித்துவிடும். கட்டுரைக்குப் பொட்டுப் புள்ளி எழுத்துருதான் பிடித்திருக்கிறது என்றால், ஸ்வரங்களுக்கு மட்டும் வளையப் புள்ளியுள்ள வேறொன்றை வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் அடுத்தடுத்து நின்றால் உறுத்தாத அளவுக்குத் தடிமன் ஒத்துப்போக வேண்டும், அவ்வளவுதான்.

அப்புறம் இலக்கங்கள். ரி₂ என்றால் சதுச்ருதி ரிஷபம். இங்கே எண் ஸ்வரஸ்தானத்தை, அதாவது அந்த ஸ்வரத்தின் எந்த வகை என்பதைச் சொல்கிறது. தெலுங்கு, சமஸ்கிருதக் கிருதிகளின் சாகித்தியத்தைத் தமிழில் அச்சிடும்போது க², க³, க⁴ என்று போடுகிறோமே, அங்கே எண் உச்சரிப்பைச் சொல்கிறது. ஒரே பக்கத்தில் இரண்டும் வரும். ஸ்வரஸ்தான எண் எப்போதும் கீழே, உச்சரிப்பு எண் எப்போதும் மேலே என்று ஒரு விதி வைத்து, கடைசிவரை அதை மாற்றாதீர்கள். சிறு இலக்கங்கள் எழுத்துருவிலேயே தனியாக வரையப்பட்டிருக்கின்றனவா என்றும் பாருங்கள். பெரிய எண்ணை மென்பொருளில் சுருக்கிப் போட்டால் அது மெலிந்து, பக்கத்து எழுத்தோடு சேராமல் நிற்கும். உச்சரிப்பு எண்ணை எழுத்து முழுதும் முடிந்த பிறகே தட்டுங்கள். கா-வின் நடுவில், கால் வருவதற்கு முன் நுழைத்தால் எழுத்து உடைந்து புள்ளிவட்டம் ஒன்று முளைக்கும்.

ஸ்தாயிப் புள்ளியை யூனிகோடின் சேர்ப்புக் குறியாக, அதாவது முந்தைய எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும் குறியாகத் தட்டினால் பல தமிழ் எழுத்துருக்களில் அது சரியான இடத்தில் உட்காருவதில்லை. கட்டற்ற உரிமத்தில் வரும் எழுத்துரு என்றால் இதற்கு நல்ல வழி இருக்கிறது. எஸ்.ஐ.எல். திறந்த எழுத்துரு உரிமம், எழுத்துருவைத் திறந்து புதிய வடிவங்களைச் சேர்க்க அனுமதிக்கிறது. மூலப் பெயர் ஒதுக்கப்பட்டதாக இருந்தால் உங்கள் பதிப்புக்கு வேறு பெயர் வைக்க வேண்டும். எழுத்துரு செய்யத் தெரிந்த ஒருவர் மேல் ஸ்தாயி ஏழு, மந்தர ஸ்தாயி ஏழு, அவற்றின் நெடில்கள் எல்லாவற்றையும் சில நாளில் வரைந்து சேர்த்துவிடுவார். இந்தச் செலவு ஒரே முறைதான், பலன் ஒவ்வோர் இதழிலும் வரும். 1904-இல் எட்டயபுரத்தில் சுப்பராம தீட்சிதரின் சங்கீத சம்பிரதாய பிரதர்சினி தெலுங்கில் அச்சானபோது, ஸ்வரத்தை அசைத்துப் பாடும் கமகம் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அடையாளம் வைத்து அச்சிட்டிருக்கிறார்கள். ஈய எழுத்துக் காலத்தில் அது எவ்வளவு பெரிய உழைப்பு என்று எண்ணிப் பாருங்கள். நமக்கு இன்று வேண்டியது ஒரு மடிக்கணினியும் கொஞ்சம் பொறுமையும்.

இனி கட்டுரைகளுக்கான எழுத்துரு. நீண்ட வாசிப்புக்கு நான் முதலில் கை நீட்டுவது நோட்டோ செரிஃப் தமிழ், இல்லையென்றால் டிரோ தமிழ். கோட்டில் தடிமனும் மெலிவும் மாறி மாறி வருவதால் பக்கம் கண்ணுக்கு இதமாக இருக்கும். நோட்டோ செரிஃபில் மெல்லியதிலிருந்து மிகத் தடித்தது வரை ஒன்பது தடிமன்கள் உண்டு, சாய்வும் உண்டு. டிரோவின் வடிவங்கள் பழைய நல்ல அச்சுப் புத்தகத்தை நினைவூட்டும். ஆனால் ஒரே தடிமன்தான், எனவே தலைப்புக்கு வேறொன்று தேவைப்படும். பெட்டிச் செய்தி, படக்குறிப்பு, கச்சேரிப் பட்டியல் போன்றவற்றுக்கு முக்த மலர், அல்லது பிரியா ரவிச்சந்திரன் வடிவமைத்த கட்டமரான். தலைப்புகளுக்கு அனெக் தமிழ் என்பது என் தேர்வு. எக் டைப் நிறுவனம் 2022-இல் வெளியிட்ட இந்த எழுத்துருவில் தடிமனோடு அகலத்தையும் கூட்டிக் குறைக்கலாம். தமிழ்த் தலைப்புக்கு இது பெரிய உபகாரம், ஏனென்றால் நம் எழுத்துகள் அகலமானவை, சொற்களும் நீளமானவை. "நாகஸ்வரக்காரர்களின்" என்ற ஒரே சொல் ஒரு வரியை அடைத்துக்கொள்ளும். சாதாரண எழுத்துருவை மென்பொருளில் நசுக்கி ஒடுக்கினால் செங்குத்துக் கோடுகள் மட்டும் மெலிந்து அசிங்கமாகும். ஒடுங்கிய வடிவமாகவே வரையப்பட்டதில் அந்தக் குறை வராது. இங்கே சொன்ன எல்லாமே இலவசமாகக் கிடைப்பவை, அச்சுக்கும் தடையில்லை.

கையெழுத்துச் சாயல் வேண்டும் என்றால் இலங்கையைச் சேர்ந்த தாரிக் அஸீஸ் வடிவமைத்த கவிவனார் இருக்கிறது. ஒரு கலைஞர் சொன்ன வரியைப் பெரிதாக எடுத்துப் போடும் இடத்துக்கு அது பொருந்தும். பத்தி பத்தியாக ஓட்ட வேண்டாம்.

பாயின்ட் அளவைப் பொறுத்தவரை ஒரு எச்சரிக்கை. 10 பாயின்ட் என்பது எல்லாத் தமிழ் எழுத்துருவிலும் ஒரே அளவாகத் தெரியாது. ஒன்றில் 10 என்பது இன்னொன்றின் 11-க்குச் சமமாக இருக்கும். அதனால் எண்ணை நம்பாமல் தாளில் அடித்துப் பாருங்கள். நோட்டோ செரிஃப் என்றால் 9.5 பாயின்ட் எழுத்துக்கு 15 பாயின்ட் வரி இடைவெளியில் தொடங்கச் சொல்வேன். ஆங்கிலப் பக்கத்துக்கு வைக்கும் இடைவெளி தமிழுக்குப் போதாது. மேலே இகர ஈகாரச் சுழிகளும் புள்ளிகளும், கீழே உகர ஊகார வால்களும் இருப்பதால் நெருக்கினால் மேல்வரியின் வாலும் கீழ்வரியின் சுழியும் முட்டிக்கொள்ளும்.

பக்கத்தில் மூன்று பத்தி வைக்காதீர்கள். ஏ4-க்கு நெருக்கமான அளவில் மூன்று பத்தி வைத்தால் ஒரு வரிக்கு இரண்டு மூன்று சொல்தான் வரும். அதை இரு பக்கமும் சமன் செய்தால் சொற்களுக்கிடையே பெரிய ஓட்டைகள் விழும். இரண்டு பத்தி, இடப்பக்கம் மட்டும் சமன், வலப்பக்கம் அதன் போக்கில் விட்டுவிடுவது என்பதுதான் என் பழக்கம். பல அச்சகங்களில் "சார், கோணலா இருக்கே" என்பார்கள். ஓட்டை விழுந்த பக்கத்தைப் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள், புரிந்துகொள்வார்கள்.

எழுத்து இடைவெளியைக் கூட்டி ஸ்டைலாகத் தலைப்பு போடும் பழக்கம் ஆங்கிலத்தில் பெரிய எழுத்துகளுக்குப் பொருந்துகிறது. தமிழில் "கொட்டு" என்று போட்டு இடைவெளியைக் கூட்டினால் கொம்பு ஒரு பக்கம், க நடுவில், கால் ஒரு பக்கம் என்று சிதறும். எழுத்துருவில் இல்லாத தடிமனை வெளிக்கோடு போட்டு வரவழைப்பதும் வேண்டாம். ண, ஞ, ஐ போன்றவற்றின் சுழிகள் அடைபட்டு, மேப்லித்தோ தாளில் மை பரவும்போது ஒரு கறையாகிவிடும்.

தொழில்நுட்பத்தில் சொல்ல இரண்டே விஷயம். எல்லாவற்றையும் யூனிகோடில் தட்டச்சு செய்யுங்கள். பழைய குறியாக்க எழுத்துருக்களில் அடித்தால் பி.டி.எஃப்.-இல் ஒரு ராகத்தின் பெயரைத் தேடினால் கிடைக்காது, நகலெடுத்தால் குப்பை வரும். பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனில் பத்தி அமைப்பில் வேர்ல்ட் ரெடி கம்போசரைத் தேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கொம்புகள் இடம் மாறி நிற்கும். எழுத்துருதான் கெட்டுவிட்டது என்று நினைத்து நாள் கணக்கில் அலைவீர்கள்.

சரி, ராக் இதழ்கள். நீங்கள் மனதில் வைத்திருப்பது அமெரிக்காவின் ரே கன் மாதிரியான பக்கங்கள் என்று நினைக்கிறேன். 1992-இல் தொடங்கிய அந்த இதழில் டேவிட் கார்சன் எழுத்தைக் கிழித்தும் குவித்தும் ஒன்றன்மேல் ஒன்று ஏற்றியும் வடிவமைத்தார். பாடகர் பிரையன் ஃபெர்ரியின் பேட்டி ஒன்று சுவாரசியமில்லை என்று தோன்றியதால், 1994-இல் அதை முழுக்க முழுக்க ஸாப்ஃப் டிங்பாட்ஸ் என்ற குறிகள் மட்டும் கொண்ட எழுத்துருவில் போட்டார். யாராலும் படிக்க முடியாது. அது அந்த ஊரின், அந்தக் காலத்தின் கோபத்தோடு சேர்ந்து பிறந்த வடிவம், எனக்கும் அதில் பிடித்த பக்கங்கள் உண்டு. தமிழுக்கு அதை அப்படியே கொண்டுவர வேண்டாம் என்பதற்கு என்னிடம் உள்ள காரணம் எழுத்தின் இயல்பு. நம் எழுத்துகள் மிகச் சிறிய கோடுகளால் ஒன்றிலிருந்து ஒன்று வேறுபடுகின்றன. எ-வுக்கு அடியில் ஒரு கோடு நீண்டால் ஏ. கால் என்ற குறியும் ர என்ற எழுத்தும் ஒரு சிறு சாய்கோட்டில் பிரிகின்றன. ஒரு புள்ளி போனால் மெய், உயிர்மெய்யாகிறது. அவர்கள் எழுத்தைக் கிழித்தால் கிழிந்த எழுத்து கிடைக்கிறது. நாம் கிழித்தால் பெரும்பாலும் வேறு எழுத்து கிடைக்கிறது. அப்போது தலைப்பு பிழையாகத்தான் படிக்கப்படும்.

ரோலிங் ஸ்டோன் என்ற ராக் இதழ் 1967 நவம்பரில் சான் ஃபிரான்சிஸ்கோவில் வந்தபோது அந்த நகரம் முழுக்க சைகடெலிக் போஸ்டர்கள். இதழின் பெயரை வரைந்ததும் அப்படிப்பட்ட போஸ்டர்கள் வரைந்த ரிக் கிரிஃபின்தான். உள்ளே திறந்தால் செய்தித்தாள் மாதிரிக் கோடு போட்ட சட்டங்கள், ஒழுங்கான பத்திகள், அடக்கமான எழுத்து. துணிச்சல் முழுவதும் பெயரில் இருந்தது, வாசிப்பு அமைதியாக இருந்தது. உங்களுக்கு நான் சொல்ல நினைப்பது இந்தப் பங்கீட்டைத்தான்.

அதாவது, இதழின் பெயரை எந்த எழுத்துருவிலும் போடாதீர்கள். ஒரு ஓவியரிடம் கொடுத்து வரையச் சொல்லுங்கள். தமிழில் இதற்கு வளமான மரபு இருக்கிறது: வார இதழ்களில் ஒவ்வொரு தொடர்கதைக்கும் தனித் தலைப்பு எழுத்து வரைந்தார்கள், சினிமா டைட்டில்கள், சுவர் விளம்பரங்கள், கொட்டகையில் விற்ற பாட்டுப் புத்தகங்களின் அட்டைகள் எல்லாம் கையால் எழுதியவை. சிற்றிதழ்களுக்கும் புத்தகங்களுக்கும் ஓவியர் ஆதிமூலம் எழுதிய தலைப்பு எழுத்துகளை எடுத்துப் பாருங்கள். தூரிகை போன வேகம் எழுத்தில் தெரியும். மூன்று நான்கு எழுத்துள்ள ஒரு பெயரை ஓவியர் ஐம்பது விதமாக எழுதிக் காட்டுவார். அதில் ஒன்று உங்களுடையது. உங்கள் ஏழு அட்டை மாதிரிகளிலும் பெயர் வெவ்வேறு ரெடிமேட் எழுத்துருவில் இருக்கும் என்று ஊகிக்கிறேன். அந்த எழுத்துருக்களை நாளைக்கு எந்த ஜவுளிக்கடை விளம்பரத்திலும் பார்ப்பீர்கள்.

தோற்றத்துக்கு முன்மாதிரி வேண்டும் என்றால் ராக் இதழ்களைவிட ப்ளூ நோட் ஜாஸ் இசைத்தட்டு உறைகளைப் பாருங்கள். 1950-களின் நடுவிலிருந்து பத்து வருடத்துக்கு மேல் ரீட் மைல்ஸ் அவற்றை வடிவமைத்தார். ஃபிரான்சிஸ் வுல்ஃப் எடுத்த கருப்பு வெள்ளைப் படம், ஒரே ஒரு வண்ணம், பெரிய எழுத்து. பல உறைகளில் இவ்வளவுதான். சிறிய கம்பெனி, பணம் குறைவு. மைல்ஸுக்கு ஜாஸில் பெரிய ஈடுபாடும் கிடையாது. இசைத்தட்டின் மனநிலையை, கம்பெனியை நடத்திய ஆல்ஃபிரட் லயன் அவருக்கு விளக்கிச் சொல்வார். உங்கள் வடிவமைப்பாளருக்கு நாட்டை ராகத்துக்கும் நாட்டைக்குறிஞ்சி ராகத்துக்கும் வித்தியாசம் தெரியாமல் இருக்கலாம், குற்றமில்லை. ஆனால் யாராவது ஒருவர் உட்கார்ந்து ஒவ்வொரு கட்டுரையும் எந்த இசையைப் பற்றியது, அது வேகமா நிதானமா, எந்த இடத்தில் கேட்பது என்று சொல்லியாக வேண்டும். முடிந்தால் பாட்டைப் போட்டுக் காட்டுங்கள்.

கருப்போடு ஒரே ஒரு ஸ்பாட் கலர், அதாவது தனி மையாக அடிக்கும் ஒரு வண்ணம், என்ற முறை உங்கள் பட்ஜெட்டுக்கும் சரியாக வரும். இரண்டு பிளேட் (அச்சுத் தகடு) போதும். வண்ணத்தை இதழுக்கு இதழ் மாற்றலாம், அதுவே ஒரு தொடர்ச்சியாகும். மரூனும் தங்கமும் வேண்டாம், அது கல்யாணப் பத்திரிகைக்கு ஏற்கெனவே எழுதிக் கொடுத்தாயிற்று. இசைக்கருவிகளிடமிருந்தே வண்ணம் எடுங்கள்: மானாமதுரைக் கடத்தின் சுட்ட மண், தஞ்சாவூர் வீணையின் பலா மரம், நரசிங்கம்பேட்டை நாகஸ்வரத்தின் ஆச்சா மரம். பறையின் தோலை நெருப்பில் காய்ச்சும்போது தெரியும் நிறம் ஒன்று இருக்கிறது, அதையும் முயன்று பாருங்கள். கட்டுரை எழுத்தை மட்டும் எப்போதும் தனிக் கருப்பிலேயே அடியுங்கள். இரண்டு மை கலந்தால் பிளேட் கடுகளவு நகர்ந்தாலும் எழுத்துக்கு நிழல் விழும்.

வீணை நிழலுருவமும், காற்றில் மிதக்கும் ஸரிகமவும், மேற்கத்திய இசைக்குறிப்பின் டிரெபிள் கிளெஃப் என்ற குறியும் இசை என்றதும் கைக்கு வந்துவிடும் படங்கள். கர்நாடக இசைக் கட்டுரைக்கு டிரெபிள் கிளெஃப் போட்டால் அந்த இசையில் புழங்காத ஒரு குறியைப் போடுகிறீர்கள். இளையராஜா இசைக்குறிப்பு எழுதுவதைப் பற்றிய கட்டுரை என்றால் அங்கே அது உண்மையான பொருள். ஐந்து கோட்டுத் தாளையே பக்கத்தின் பின்னணியாக்கலாம்.

படங்கள்தான் எனக்குக் கவலை. சபா மேடையில் எடுத்தால் மைக் முகத்தை மறைக்கும், பின்னால் ஸ்பான்சர் பெயர்கள் போட்ட ஃப்ளெக்ஸ், மேலே ஊதா எல்.இ.டி. விளக்கு. இருபது பாடகர்களும் ஒரே மாதிரி தெரிவார்கள். வீட்டில் சாதகம் செய்யும்போது, ஜன்னல் வெளிச்சத்தில் எடுங்கள். கைகளை எடுங்கள்: தவில்காரரின் விரல் கூடுகள், வயலின் கம்பி பதிந்த விரல்நுனி, தாளம் போடும் தொடை. நாட்டார் கலைஞர் என்றால் ஆட்டத்துக்கு முன் சலங்கை கட்டும் நேரம். கருப்பு வெள்ளையாக்கி ஒரு வண்ணம் ஏற்றும்போது இந்தப் படங்கள் தாங்கும். மேடைப் படங்கள் சேறாகிவிடும். ஒரே ஒரு வேண்டுகோள்: கச்சேரிக் கலைஞருக்கு முழுப்பக்கப் படம், பறைக் கலைஞருக்கு அஞ்சல்தலை அளவு படம் என்று பக்கம் பிரிக்காதீர்கள். மூன்று இசைக்கும் ஒரே கட்டம், ஒரே எழுத்துரு, ஒரே அளவு தலைப்பு இருக்கட்டும். வேறுபாட்டை வெற்றிடத்தில் காட்டுங்கள். ஆலாபனை பற்றிய பக்கத்தில் மேலே நிறைய வெள்ளை விடலாம், கானா பற்றிய பக்கத்தில் படங்களை ஓரம்வரை அடுக்கலாம்.

அடுத்த வேலையாக, எட்டுப் பக்கம் மட்டும் டம்மி செய்யுங்கள்: குறிப்புப் பக்கம் இரண்டு, நீண்ட கட்டுரை நான்கு, பேட்டி ஒன்று, கச்சேரிப் பட்டியல் ஒன்று. அச்சுக்குப் போகும் அதே தாளில் அடியுங்கள், திரையில் பார்த்து முடிவெடுக்காதீர்கள். கட்டுரையை அறுபது வயது தாண்டிய ஒருவரிடம் கொடுத்து ராத்திரி டியூப்லைட்டில் படிக்கச் சொல்லுங்கள். குறிப்புப் பக்கத்தை அந்தப் பாட்டு தெரியாத ஒரு மாணவியிடம் கொடுத்து, தம்பூராவோடு பார்த்துப் பாடச் சொல்லுங்கள். பக்கத்தில் இன்னொருவர் பென்சிலோடு உட்காரட்டும். பாடுகிறவர் எங்கே தயங்குகிறாரோ, எங்கே கண்ணைச் சுருக்கித் தாளைக் கிட்டே கொண்டுவருகிறாரோ, அந்த ஸ்வரத்தைச் சுற்றி ஒரு வட்டம். அந்த வட்டங்களைத் திருத்தி மறுபடி அடித்து, அவர் நிற்காமல் பாடி முடித்த பிறகு அந்த ஏழு அட்டைகளை வெளியே எடுங்கள்.